எப்போது கை தட்டுவது?

பூச்சோங்கில் ஓர் ஆன்மீக அமைப்பு அண்மையில் நடத்திய இந்தியப் பண்பாட்டு மாலைக்குச் சென்றிருந்தேன். குத்துவிளக்கேற்றி, தேவாரம் பாடி, பரதநாட்டியம், வீணை, வாய்ப்பாட்டு என நிகழ்ச்சி தொடர்ந்தது. மிருதங்கக் கலைஞர் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கியதும் பின்வரிசை இளைஞர்கள் பலர் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள். என் பக்கத்தில் இருந்த ஐந்தாம் படிவ மாணவி மட்டும், "அக்கா, எப்போ கை தட்டணும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

நல்ல கேள்வி. நம் இளையோருக்குச் சங்கீதம் பிடிக்காமல் இல்லை. அதை எப்படிக் கேட்பது என்று பலருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் தாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கச்சேரிகளில் அதிகம் வருவது ஆதி தாளம். அதற்கு 8 எண்ணிக்கை. தொடையில் ஒரு தட்டுத் தட்டி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணினால் நான்கு. பிறகு ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மீண்டும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. மொத்தம் எட்டு. தனி ஆவர்த்தனத்தின் முடிவில் ஒரே சொற்கட்டு மூன்று முறை வரும். அது பாட்டின் எடுப்பில் சரியாக வந்து விழும் இடமே கைதட்டும் இடம். கையில் தாளம் இருந்தால் அந்த நொடி வருவது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அடுத்து, நிகழ்ச்சியின் வரிசை. வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், விரிவான ராக ஆலாபனை, தனி ஆவர்த்தனம், பின்னர் எளிய துக்கடாக்கள், இறுதியில் மங்களம். இன்று நாம் கேட்கும் இந்தக் கச்சேரி அமைப்பை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் நேரம் போவதே தெரியாது.

ராகமும் எட்டாத ஒன்றல்ல. மோகனத்துக்கு ச, ரி, க, ப, த என்று ஐந்தே சுரங்கள். சீன நாட்டுப்புற மெட்டுகள் பலவற்றிலும் இதே ஐந்து சுரங்களின் வரிசை உண்டு. உங்கள் சீன நண்பரை அழைத்துச் சென்று மோகனம் கேட்கச் சொல்லுங்கள். எங்கோ கேட்ட மெட்டாக இருக்கிறதே என்று அவரே சொல்லக்கூடும்.

இத்தகைய மாலைகளை ஆன்மீக அமைப்புகள் நடத்துவது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. பூச்சோங் சாலை ஆறாவது மைலில் உள்ள சுத்த சமாஜத்தைச் சுவாமி சத்யானந்தா போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தொடங்கினார். அவருக்குப் பின் அன்னை மங்களம் அதை நீண்ட காலம் வழிநடத்தினார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும், எல்லாச் சமயத்தாரும் கூடும் ஆலயமும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 1981இல் உருவான டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், இசையையும் நடனத்தையும் தொண்டாகவே கருதிக் கற்பிக்கிறது. உண்டவர் மனமுவந்து கொடுப்பதை ஏற்கும் அன்னலட்சுமி உணவகமும் அந்தச் சிந்தனையில் பிறந்ததுதான்.

இங்கே பாடுகிறவருக்குப் புள்ளிகள் இல்லை, முதல் பரிசும் இல்லை. பஜனையில் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பாடுகிறார்கள். குரல் நடுங்கினாலும் பக்கத்துக் குரல் தாங்கிக்கொள்ளும். பயில்கிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான மேடை வேறு எது?

ஆனாலும் ஒரு கவலை இருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வு நெருங்கியதும் இசை வகுப்பை நிறுத்துவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. தேர்வுக்குப் பிறகு தொடரலாம் என்போம். அப்புறம் கல்லூரி, விடுதி என்று வாழ்க்கை ஓடிவிடும். இழப்பு ஒருவருக்கு மட்டுமல்ல. பாடகருக்கு வயலினும் மிருதங்கமும் துணை வேண்டும். மிருதங்கம் பயிலும் ஒரு மாணவர் விலகினால், அவர் துணையை நம்பிப் பாடப் பழகிய இருவரும் சேர்ந்தே தடுமாறுவார்கள்.

மாணவர்களே, வகுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், முற்றாக நிறுத்திவிடாதீர்கள். தேர்வு ஆண்டிலும் வாரத்துக்கு அரை மணி நேரம் சாதகம் செய்யலாம். பல்கலைக்கழகத்துக்குப் போனால் அங்குள்ள இந்தியப் பண்பாட்டுக் கழகத்தில் சுருதிப் பெட்டியோடு போய் உட்காரலாம். இசை கற்காதவர்களும் வீட்டருகே நடக்கும் ஒரு பண்பாட்டு மாலைக்குப் போய் முன்வரிசையில் அமர்ந்து தாளம் போடலாம். நல்ல ரசிகர் ஒருவர் எதிரில் இருந்தால், மேடையில் இருக்கும் இளங்கலைஞர் இன்னும் ஒரு ஆவர்த்தனம் துணிந்து வாசிப்பார்.