காகிதத் தடிமனில் நிற்கும் சக்கரம்

நாமக்கல் பைபாஸ் ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது தங்கை மகன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். கைமாறி வந்த பழைய வண்டி. முந்தின நாள்தான் நான்கு டயரையும் மாற்றியிருந்தான். "மாமா, மெதுவா போறப்ப முன்னாடி டொக் டொக்குனு ஒரு சத்தம். வேகம் எடுத்தா கேக்கல. டயர் புதுசு, அதனாலதான இருக்கும்?"

டயர் புதிது என்பதற்காகச் சத்தம் வராது. ஆனால் டயர் மாற்றினால் வீல் நட்டைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். தேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். "சாவிய எடுத்துட்டு வந்து உக்காரு மாப்ளே. பாக்காம இனி ஓட்ட வேண்டாம். சக்கரம் ஆறட்டும், டீ சொல்றேன்" என்றேன். பிரேக் சூட்டில் உலோகம் விரிந்திருக்கும். அப்போது இறுக்கினால் அளவு சரியாக நிற்காது.

சக்கரத்தை எது பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்டால், நான்கு போல்ட்டும் நான்கு நட்டும் என்பார்கள். ஆணியில் சட்டை தொங்குவதைப் போல ரிம் போல்ட்டில் தொங்குகிறது என்ற நினைப்பு. அப்படியில்லை. நட்டைத் திருகும்போது போல்ட் இழுபட்டு நீள்கிறது. இழுத்த ரப்பர் மாதிரி அது சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் ரிம்மை, சக்கரம் மாட்டும் ஹப்போடு சேர்த்து நெரிக்கிறது. வண்டியின் எடையையும் பிரேக்கின் உதறலையும் வளைவின் தள்ளலையும் தாங்குவது, நெரிபட்ட அந்த இரண்டு முகங்களுக்கு இடையிலான உராய்வு.

அந்த நெரிப்பு சின்னதல்ல. 12 மில்லிமீட்டர் போல்ட்டில் நட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் ஏறத்தாழ 4 டன் அழுத்தம் பிறக்கிறது. நான்கு நட்டுக்கு 16 டன். வண்டியே ஒரு டன் எடைதான்!

இவ்வளவையும் தருகிற போல்ட் எவ்வளவு நீண்டிருக்கும்? ஒரு காகிதத்தின் தடிமன் அளவுகூட இருக்காது. இதைச் சொன்னதும் அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். வீல் நட் விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு அளவிலிருந்து கிளைப்பதுதான். ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையில் துருப் பொருக்கோ காய்ந்த சேறோ பெயின்ட்டோ சிக்கியிருந்தால், ஓட்டத்தில் அது நசுங்கி அமரும். அமர்ந்தது காகிதத் தடிமன் என்றால் போல்ட்டின் இழுப்பு மொத்தமும் போய்விடும். நட் இம்மியும் திரும்பியிருக்காது. கண்ணுக்கு எல்லாம் பூட்டினபடியே தெரியும். இறுக்கம் மட்டும் இருக்காது.

அதற்குப் பிறகுதான் நட் சுழலத் தொடங்கும். ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் இதைச் சோதனை செய்து காட்டினார். மரையாணி இணைப்பைக் கழற்றுவதில் நெடுக்கு வாட்டில் இழுக்கும் அதிர்வைவிடக் குறுக்கே வழுக்கும் அசைவு மிகக் கொடியது. நெரிப்பு குறைந்த ரிம், ஹப்பின் மேல் குறுக்கே வழுக்குகிறது. ஒவ்வொரு வழுக்கலிலும் நட் துளித்துளியாகப் பின்வாங்குகிறது. சின்னக் காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 550 முறை சுற்றும். நூறு கிலோமீட்டரில் அரை லட்சத்தைத் தாண்டிவிடும். போல்ட் அங்கும் இங்கும் வளைந்து கடைசியில் ஒடிவதும் இந்த அசைவால்தான்.

ஆகவே மாட்டும்போது இரண்டு முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைக்க வேண்டும். நட்டை முதலில் கையால் மரை ஏற்ற வேண்டும். பிறகு எதிரெதிராக, ஐந்து நட் என்றால் நட்சத்திரம் வரைகிற வரிசையில், இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். வரிசையாக ஒரே பக்கமாகப் பூட்டிக்கொண்டு போனால் ரிம் சாய்ந்து அமரும். கடைசி இறுக்கு, ஜாக்கியை இறக்கி டயர் தரையைத் தொட்ட பிறகு.

எவ்வளவு இறுக்குவது? சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர்; உங்கள் வண்டிக்கான எண் அதன் கையேட்டில் இருக்கும். 30 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 34 கிலோ எடையை வைத்தால் 100 வரும். 70 கிலோ ஆள் அதன் மேல் ஏறி நின்றால் 200 தாண்டிவிடும். ஏறிக் குதிக்கிறவர்களையும், ஏர் கன்னை வைத்து அது அடித்து ஓயும்வரை விடுகிறவர்களையும் பார்த்தால் எனக்குப் பதறும். அளவுக்கு மீறி இழுபட்ட போல்ட் மறுபடி சுருங்காது, பிடிப்பையும் தராது. ஏர் கன்னால் ஓரளவு ஏற்றி, கடைசியில், வைத்த அளவு வந்ததும் டிக்கென்று சொல்லும் டார்க் ரெஞ்சால் முடிக்கச் சொல்லுங்கள். தயங்காமல் கேளுங்கள், நம் வண்டி.

"துருப்பிடிக்காம இருக்க எண்ணெய் விடலாமா மாமா?" என்றான். நல்ல எண்ணத்தில் பலர் செய்கிற காரியம் இது. நட்டைத் திருப்பக் கொடுக்கும் பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கப் போகிறது. மீதியெல்லாம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வுக்கே செலவு. எண்ணெய் அந்த உராய்வைக் குறைத்தால், அதே கைப்பலம் போல்ட்டை அளவுக்கு மேல் இழுத்துவிடும். கையேட்டில் உள்ள எண் பொதுவாக உலர்ந்த மரைக்கானது. துடைத்தால் போதும், எண்ணெய் வேண்டாம்.

நட்டின் அடிப்பகுதி கூம்பு, உருண்டை, தட்டை என்று வண்டிக்கு வண்டி வேறு. இரும்பு ரிம்மை அலாய்க்கு மாற்றினால் நட்டும் பொருந்துகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

எங்கள் ஊர் லாரிக்காரர்களுக்கு இதெல்லாம் பழகின சங்கதி. பத்து போல்ட் சக்கரத்துக்கு 600 நியூட்டன் மீட்டர் அளவில் தேவைப்படும். ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 60 கிலோ. பின்னால் இரட்டை டயர் என்பதால் ரிம்மும் ரிம்மும் சேரும் முகம் ஒன்று கூடுதல், அமர்வதற்கும் அவ்வளவு இடம். டீக்கு நிறுத்தினால் லிவரால் நட்டைத் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றுவார்கள். இறுகின நட் கணீரென்று பேசும், தளர்ந்தது மொத்தென்று கேட்கும். தட்டல் ஸ்பேனருக்கு ஈடாகாது என்றாலும், அந்தச் சுற்றில் கண் எல்லாவற்றையும் பார்த்துவிடும்: நட்டடியிலிருந்து கிளம்பும் துருக் கோடு, துளையைச் சுற்றிப் புதிதாகத் தேய்ந்த பளபளப்பு, நட் இல்லாத மொட்டைப் போல்ட்.

டீ முடிந்தது. முன்பக்க இடது சக்கரத்தின் மூடியைக் கழற்றி ஸ்பேனரை வைத்தேன். இரண்டு நட் பலமே கொடுக்காமல் திரும்பின. சக்கரத்தை இறக்கிப் பார்த்தால், முன்பு வைத்திருந்தவர் ரிம்முக்கு அடித்த பெயின்ட், ஹப்பில் அமரும் முகத்திலும் தடிப்பாக ஏறியிருந்தது. பாதி பொடிந்து உதிர்ந்திருந்தது. துளைகள் நீள்வட்டமாகத் தேயவில்லை, மரையும் நன்றாக இருந்தது. அதனால் அந்த ரிம் தப்பியது. தேய்த்துத் துடைத்து, நான்கு சக்கரத்தையும் அளவு பார்த்து முடுக்கினோம்.

என் டார்க் ரெஞ்சை டிக்கியில் வைத்து அனுப்பினேன். "சேலம் அம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. போய்ச் சேந்ததும் வண்டிய ஆறவிட்டு, இதே அளவு வெச்சு மறுபடி பாத்துரு" என்றேன்.

இருட்டின பிறகு போன் வந்தது. "பதினஞ்சு நட் அசையல மாமா. இடது முன்சக்கரத்துல ஒண்ணு மட்டும் துளி நகந்து அப்புறம் டிக்குனு நின்னுச்சு."