சாய்ஸில் விட முடியாத கணக்கு

"ஏழுலேருந்து பத்து வரைக்கும் சாய்ஸ்ல விட்டுடுறேன் மிஸ்." டியூஷனுக்குப் புதிதாக வரும் பிளஸ் டூ பிள்ளைகள் பலரும் முதலில் சொல்வது இதைத்தான். கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் அந்த நான்கு பாடங்களும் நுண்கணிதம். மொத்தமே பன்னிரண்டு பாடம். அதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் பரீட்சை எழுதலாம் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

எழுதலாம்தான். 90 மதிப்பெண் வினாத்தாளில் இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் பகுதிகளில் பத்துக்கு ஏழு போட்டால் போதும். ஐந்து மதிப்பெண் கேள்வி ஏழிலும் 'அல்லது' உண்டு. அணியும் கலப்பு எண்ணும் வெக்டரும் கைவசம் இருந்தால் தேறிவிடலாம். ஆனால் பொறியியல் கட்-ஆஃப் 200இல் கணிதத்துக்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் பருவக் கணிதத் தாளிலேயே நுண்கணிதம் வந்துவிடும். இங்கே விட்டது கல்லூரி வாசலில் காத்திருக்கும்.

அரசுப் பள்ளியில் முதுகலைக் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளையார்பட்டியில் எங்கள் வீட்டு முகப்பில் சாயங்காலம் சொல்லிக்கொடுக்கிறேன். குன்றக்குடியிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கோயிலைச் சுற்றித் தேங்காய், அருகம்புல் மாலை விற்கும் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. சங்கடஹர சதுர்த்தியன்று வகுப்பு கிடையாது. கடையில் கைக்கு ஆள் வேண்டும்.

முதல் நாள் நுண்கணிதத்தை நான் தொடுவதில்லை. ஒரு தாளில் பழைய கணக்குகள் கொடுப்பேன்: இருபடிக் கோவையைக் காரணிப்படுத்து, இந்தப் பின்னத்தைச் சுருக்கு, இந்தப் பரவளையத்தை வரை. பெரும்பாலும் நோய் அங்கேதான் தெரியும். ஒரு பெண் பெரும மதிப்பு காணும் கணக்கில் வகையிடலைச் சரியாகச் செய்துவிட்டு, வந்த சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியாமல் பேனாவை மூடி வைத்துவிட்டாள். "எனக்குக் கால்குலஸே வராது மிஸ்" என்றாள். "கால்குலஸ் உனக்கு வருது கண்ணு, காரணிதான் வரலை" என்றேன். அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்குத்தான். அதற்குப் பிறகு ஏழாம் பாடத்தில் அவள் எங்கும் நின்றதில்லை.

சூத்திரத்தை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதும் எனக்கு ஒப்பாது. மூன்றின் வர்க்கம் 9. 3.1இன் வர்க்கம் 9.61. கூடியது 0.61; அதை 0.1ஆல் வகுத்தால் 6.1. அடுத்து 3.01க்குப் போடச் சொல்வேன்: 6.01. 3.001க்கு 6.001. எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டால் பிள்ளைகளே "ஆறு" என்பார்கள். மூன்றுக்குப் பதில் ஐந்தை வைத்தால் பத்து வரும். "எந்த எண்ணா இருந்தாலும் அதோட இரண்டு மடங்கா மிஸ்?" என்று ஒருவன் கேட்பான். வகையிடல் விதி அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சாக்பீஸை எடுப்பேன்.

தொகையிடலுக்கு எங்கள் ஊர்ப் பண்டமே இருக்கிறது. விநாயகர் சதுர்த்திக்குக் கற்பக விநாயகருக்கு முக்குறுணி மோதகம் படைப்பார்கள். அதைக் கிடையாக மெல்லிய வில்லைகளாக அறுத்ததாக நினைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒவ்வொரு வில்லையும் வட்டம். அதன் பரப்பைத் தடிமனால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் மோதகத்தின் கன அளவு. ஒன்பதாம் பாடத்தின் சுழற்சித் திடப்பொருள் கணக்கு இதுதான். படம் மனதில் விழுந்தபின் சூத்திரம் மறக்காது.

வினா விடைக் கையேடுகளைப் பிள்ளைகள் கட்டுக்கட்டாக வாங்குகிறார்கள். நடுவில் இரண்டு வரியைத் தாவி விடையை எழுதியிருக்கும் கையேடு இப்பிள்ளைகளுக்கு ஆகாது. கும்பகோணத்தில் ராமானுஜன் கையில் 1903 வாக்கில் கிடைத்த கார் என்பவரின் புத்தகமும் ஒரு வகையில் டியூஷன் குறிப்புத்தான். கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்தவர் தொகுத்தது. ஆயிரக்கணக்கான முடிவுகள், நிறுவல் பெரும்பாலும் இல்லை. விட்டுப்போன படிகளை ராமானுஜன் தானே கண்டுபிடித்தார். நம் பிள்ளைக்கு அந்தப் படிகளைத்தான் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும்.

அந்த ராமானுஜன் பெயரில் 1950இல் சென்னையில் கணித நிறுவனம் தொடங்கியவர் நம் காரைக்குடி அழகப்பச் செட்டியார். அதை நடத்த விஜயராகவன் என்ற பெரிய கணிதவியலாளரைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற சி.டி. ராஜகோபால், நியூட்டனுக்கு முன்பே கேரளத்து மாதவர் மரபினர் கண்ட முடிவிலித் தொடர்களை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர். பஸ்ஸில் அழகப்பா கல்லூரியைத் தாண்டிப் போகும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வகுப்பில் தவறாமல் சொல்கிறேன்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எல்லை, வகையிடும் முறை, தொகையிடும் முறை மூன்றும் பதினோராம் வகுப்புப் பாடங்கள். அந்த வகுப்பைத் தள்ளிவிட்டு நேராகப் பன்னிரண்டை நடத்தும் பழக்கத்தைத் தடுக்கவும்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது இல்லை. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் இனிமேல் பிளஸ் ஒன் கணித நோட்டை வீட்டில்தான் பார்க்க வேண்டும். தொகையிடல் பாடம் வெறுமையாக இருந்தால் அந்தக் கோடை விடுமுறையிலேயே டியூஷனுக்கு அனுப்புங்கள்.

அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் ஜனவரியில் சிலர் ஓடி வருகிறார்கள். மார்ச்சில் பரீட்சை, நான்கு பாடத்தையும் முடிக்க நேரம் போதாது. அவர்களுக்கு இரண்டே இடங்களைப் பிடிக்கச் சொல்கிறேன்: வளைவரைகளுக்கு இடைப்பட்ட பரப்பு, மாறிகளைப் பிரிக்கும் வகைக்கெழுச் சமன்பாடு. பரப்புக் கணக்கில் படம் வரையாமல் தொடங்கக் கூடாது. சமன்பாட்டில் தொகையிடல் மாறிலியை விடக் கூடாது. விடை வராவிட்டாலும் வந்த படிக்கு மதிப்பெண் உண்டு. அடித்துவிடாதே என்று தினமும் சொல்கிறேன். முழுதாக வராத கணக்கையும் விடாமல் எழுதிப் பழகினால், ஐந்தில் மூன்றாவது கைக்கு வருகிறது.