கரண்ட் வந்ததும் தானே எழும் கணினி

கொல்லிமலையில் ஒரு பாவை உண்டு என்பது சங்க காலத்திலிருந்து வரும் பேச்சு. சிலையாக நிற்குமாம், ஆள் நடமாட்டம் தெரிந்ததும் சிரித்து மயக்கிக் கொல்லுமாம். கதை கதையாகவே இருக்கட்டும். ஆனால், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி அந்த மலைக்குப் போய்ச் சேர்ந்த மேசைக் கணினிகள், அணைத்து வைத்த பின்னும் பிளக் சுவரில் இருக்கும்வரை பாதி விழிப்பில்தான் இருக்கின்றன. இது கதையல்ல.

1995க்கு முன்பு வந்த பெரும்பாலான கணினிகளில் பவர் பட்டன், மின்சாரத்தையே வெட்டும் சுவிட்ச். அந்த ஆண்டு இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பு அதை மாற்றியது. இப்போது பட்டன் மதர்போர்டுக்குச் சேதி மட்டும் சொல்கிறது. கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் கம்பிக் கற்றையில் ஊதா நிறக் கம்பி ஒன்று இருக்கும். கணினி அணைந்து கிடந்தாலும் அதில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு, அதே கற்றையிலிருக்கும் பச்சைக் கம்பியின் மின்னழுத்தத்தைப் பூஜ்ஜியத்துக்கு இறக்குகிறது. அதைக் கண்டதும் எஸ்எம்பிஎஸ் மற்ற எல்லாக் கம்பிகளுக்கும் மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. இதற்கு மனித விரல்தான் வேண்டுமென்று கட்டாயம் இல்லை. கடிகாரம் எழுப்பலாம், நெட்வொர்க் கார்டு எழுப்பலாம், போன கரண்ட் திரும்பி வந்ததே எழுப்பும் காரணமாகலாம். இவற்றில் எதற்கு அனுமதி என்பதைத்தான் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் எழுதி வைக்கிறோம்.

மலையில் முக்கியமானது கடைசியாகச் சொன்னது. காற்றும் மழையும் சேர்ந்து அடித்தால் எங்கோ ஒரு கிளை கம்பியில் சாயும். கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். மலைமேல் செம்மேட்டில் ஓர் அலுவலகக் கணினி மழை அளவைப் பதிந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சனி இரவு போன கரண்ட் ஞாயிறு காலை வந்துவிட்டது. கணினி? திங்கட்கிழமை யாராவது வந்து பட்டனை அழுத்தும்வரை எழாது. பெரும்பாலான மதர்போர்டுகள் வரும்போதே அப்படித்தான் அமைக்கப்பட்டு வருகின்றன.

கணினி உயிர்பெறும் முதல் சில நொடிகளில் டெலீட் அல்லது எஃப்2 பொத்தானைத் தட்டினால் பயாஸ் திறக்கும். பவர் பகுதியில் 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்றோ அதைப் போன்ற பெயரிலோ ஒரு வரி இருக்கும். அதில் மூன்று தேர்வுகள்: பவர் ஆஃப், பவர் ஆன், லாஸ்ட் ஸ்டேட். மூன்றாவது புத்திசாலித்தனமாகத் தோன்றும். முன்பு எப்படி இருந்ததோ அப்படியே தொடரும் என்கிறது. ஆனால் யூபிஎஸ் உள்ள இடத்தில் அது கழுத்தறுக்கும். பேட்டரி தீரப்போகிறது என்று யூபிஎஸ் சொன்னதும் கணினி தன்னை முறைப்படி அணைத்துக்கொள்ளும். அப்புறம் கரண்ட் வந்தால், கடைசியாக அணைந்த நிலையில்தானே இருந்தோம் என்று சும்மா கிடக்கும். ஆள் இல்லாத இடத்துக்கு 'பவர் ஆன்' ஒன்றுதான் சரி.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கணினி அணைந்த பிறகு, யூபிஎஸ் முழுக்க ஓய்வதற்குள் கரண்ட் வந்துவிட்டால், கணினியைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. போகாதது எப்படித் திரும்பி வரும்? எனவே எழாது. கணினி அணைந்ததும் தன் வெளியீட்டையும் ஒருமுறை துண்டித்துவிட்டுப் பிறகு கொடுக்கும்படி யூபிஎஸ் மென்பொருளில் அமைத்தால் இது தீரும்.

இன்னொரு வழி அலாரம். 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியின் கடிகாரச் சில்லிலேயே அலாரம் இருந்தது. ஆனால் சுவிட்ச் மின்சாரத்தையே வெட்டிவிடும் காலம் அது; அடித்தாலும் எழ ஆள் இல்லை. இன்று அலாரம் வைத்தால் கணினி காலை 6 மணிக்குத் தானே எழும். லினக்ஸ் போட்டவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: அங்கே மதர்போர்டுக் கடிகாரம் பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. பயாஸில் 6:00 என்று வைத்தால் நமக்கு 11:30க்குத்தான் எழும்; 6 மணிக்கு வேண்டுமென்றால் 00:30 என்று வைக்க வேண்டும்.

அந்தக் கடிகாரத்துக்குள் இருப்பது இசைக்கவை வடிவில் வெட்டிய சின்னஞ்சிறு குவார்ட்ஸ் படிகம். விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை இரண்டால் 15 முறை வகுத்தால் மிச்சமில்லாமல் ஒன்று வரும். அதற்காகவே அந்த எண். படிகத்துக்குப் பிடித்த வெப்பநிலை 25 டிகிரி. அதிலிருந்து கூடினாலும் குறைந்தாலும் அது மெதுவாகிறது. 15 டிகிரியாக இருக்கும் மலைக் குளிரில் நாளொன்றுக்குக் கால் விநாடிக்குச் சற்று மேல் பின்தங்கும். கீழே நாமக்கல்லில் 40 டிகிரி வெயிலில் அரை விநாடிக்கு மேல் பின்தங்கும். மலைக் குளிரைவிடச் சமவெளி வெயில்தான் அதைக் கூடுதலாகத் தாமதப்படுத்துகிறது என்பது எனக்கு இன்னமும் வியப்பு.

பாதி விழிப்புக்கும் மின்சாரம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல், அணைந்த கணினி அரை வாட்டுக்கு மேல் தின்னக்கூடாது என்று விதித்தது. ஆண்டு முழுக்கக் கணக்கிட்டால் 4.4 யூனிட்தான். அந்த விதிக்காக பயாஸில் 'இஆர்பி ரெடி' என்றொரு வரி இருக்கும். அதை இயக்கினால் பல மதர்போர்டுகளில் நெட்வொர்க் வழி எழுப்புவதும், சிலவற்றில் அலாரமும் செத்துவிடும். அலாரம் அடிக்கவில்லை என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

கடைசியாக, கரண்ட் இல்லாதபோது அந்தக் கடிகாரத்தை ஓட்டும், நாணய அளவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி. அது செத்த நாளில் கரண்டும் போனால் தேதி பல ஆண்டுகள் பின்னால் ஓடிவிடும். பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும். பழைய போர்டு என்றால் நீங்கள் வைத்த அமைப்புகளும் போய்விடும். கணினியை மலைக்கு ஏற்றுமுன் புதுப் பேட்டரி ஒன்று போட்டுவிடுங்கள். அமைப்பை மாற்றிச் சேமித்த பிறகு, கணினியை முறைப்படி அணைத்து, சுவர் சுவிட்சையும் (யூபிஎஸ் இருந்தால் அதையும்) அணைத்துவிட்டு அரை நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். எழவில்லை என்றால் அதைச் சரிசெய்யாமல் கிளம்பாதீர்கள்.