தொப்பூர் இறக்கத்தில் லாரி சொல்லும் சேதி

தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் என்றாலே லாரி ஓட்டுநர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். நீண்ட இறக்கம், விபத்துகளுக்குப் பேர்போன இடம். அங்கேயும் டீசல் மிச்சமாகும் என்று பார வண்டியை நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு. நாமக்கல்லில் இருக்கும் உரிமையாளர் இன்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

லாரியின் எஞ்சின், பிரேக் முதலியவற்றைக் கவனிக்கும் சிறு கணினிகள், முறுக்கிய இரண்டு கம்பிகள் வழியே தமக்குள் பேசிக்கொள்கின்றன. பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட ‘கேன்’ முறை இது. கனரக வண்டிகள் அதன்மேல் ஜே1939 என்ற பொது விதியைப் பின்பற்றுகின்றன. கூலன்ட் வெப்பநிலைக்கு வரும் எண்ணில் 40-ஐக் கழித்தால் செல்சியஸ்: 130 வந்தால் 90 டிகிரி. எஞ்சின் வேகத்துக்கு எட்டால் வகுக்க வேண்டும்: 4,800 வந்தால் நிமிடத்துக்கு 600 சுற்று.

வண்டியில் பொருத்திய டெலிமேடிக்ஸ் பெட்டி இந்தப் பேச்சை ஒட்டுக்கேட்டு, தேவையானதை மட்டும் பொறுக்கி, ஜிபிஎஸ் தரும் இடத்தையும் நேரத்தையும் சேர்த்து, சிம் வழியாகச் சர்வருக்கு அனுப்புகிறது. சிக்னல் இல்லையென்றால் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும்.

கூலன்ட் 96 டிகிரி என்பது தனியாக எதையும் சொல்லிவிடாது. அதே ஏற்றத்தில், அதே பாரத்துக்குப் போன மாதம் 90தான் என்றால், ரேடியேட்டரையும் ஃபேன் பெல்ட்டையும் பார்த்துவிட வேண்டும்.

தொப்பூருக்கு வருவோம். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது; எஞ்சினோ 600 சுற்றில் நிற்கிறது. கியரில் இருந்தால் சக்கரமே எஞ்சினை இழுத்துச் சுற்றியிருக்கும், சுற்று இவ்வளவு தாழ்ந்திருக்காது. கிளச்சை மிதித்தாலும் இப்படித் தெரியும்; ஆனால் அது சில நொடிக் கதை. நிமிடக்கணக்கில் நீடித்தால் நியூட்ரல்தான்.

மிச்சம் என்ற நம்பிக்கையையும் இதே தரவு உடைக்கிறது. மின்னணு எஞ்சினில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் ஓடவே டீசல் வேண்டும். எஞ்சின் தரும் பிடிப்பும் போய், முழுச் சுமையும் பிரேக் டிரம்மில் விழுகிறது. டிரம் சூடேறச் சூடேற பிரேக் பிடிக்காது.

இந்த விவரத்தைச் சம்பளப் பிடித்தத்துக்குப் பயன்படுத்துவது எனக்கு ஒப்பவில்லை. உயிர் ஓட்டுநருடையது; முதலில் அவருக்குத்தான் தெரிய வேண்டும். அதுவும் ஊர் திரும்பிய பிறகு அல்ல, இறங்கும்போதே. சர்வர்வரை போய்வர நேரமில்லை, மலையில் சிக்னலையும் நம்ப முடியாது. வேகம், சுற்று இரண்டும் பெட்டியிலேயே இருக்கின்றன. கேபினுக்குள் ஒரு பஸ்ஸர் போதும்.