வீட்டு முகவரியும் பிள்ளையின் கல்வியும்

1968ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அந்தோனியோ நகரின் மேற்குப் பகுதியில் உள்ள எட்ஜ்வுட் உயர்நிலைப்பள்ளியின் மாணவர்கள் நூற்றுக்கணக்கானோர், வகுப்புகளை விட்டு வெளியே வந்து தெருவில் நடந்தனர். பழுதடைந்த கட்டடத்தைச் சரிசெய்யுங்கள், தகுதிபெற்ற ஆசிரியர்களைத் தாருங்கள் என்பவையே அவர்களது கோரிக்கைகள். அவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள்.

அதே ஆண்டில், அப்பகுதியின் பெற்றோர் சிலர் நீதிமன்றப் படிகளில் ஏறினர். அவர்களில் ஒருவர் தெமெத்ரியோ ரொட்ரிகஸ் என்ற தொழிலாளி. தகட்டு வேலை செய்து பிழைத்தவர். அவரது பெயரால் அறியப்படும் அந்த வழக்கு, அமெரிக்க அரசுப் பள்ளிகளின் நோய் எங்கே இருக்கிறது என்பதை இன்றும் நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

உலகின் மிகப்பெரிய செல்வந்த நாட்டில் ஒரு பள்ளிக்குக் கூரையும் ஆசிரியரும் இல்லாமல் போவது எப்படி? இக்கேள்விக்கு விடை காண, அந்நாட்டின் பள்ளிகள் எவ்வாறு நடத்தப்படுகின்றன என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே இல்லை. எனவே, கல்வி மாநிலங்களின் பொறுப்பாயிற்று. மாநிலங்களோ அப்பொறுப்பை உள்ளூர்க் கல்வி மாவட்டங்களிடம் ஒப்படைத்தன. நம் ஊர் மாவட்டங்களைப் போல் இவற்றை எண்ணிவிடக் கூடாது. ஒரே நகருக்குள் பல கல்வி மாவட்டங்கள் இருக்கலாம். நாடு முழுவதும் ஏறக்குறைய 13,000 கல்வி மாவட்டங்கள், ஏறத்தாழ 5 கோடி மாணவர்களுக்குக் கல்வி தருகின்றன.

இப்பள்ளிகளின் செலவில் நடுவண் அரசு தருவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. மீதியை மாநிலமும் உள்ளூரும் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளூர்ப் பணத்தில் பெரும்பகுதி, வீடு, நிலம் ஆகியவற்றின் மீதான சொத்து வரியிலிருந்து வருகிறது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. விலை உயர்ந்த வீடுகள் உள்ள பகுதியில் குறைந்த விகிதத்தில் வரி விதித்தாலும் பணம் குவியும். ஏழைகள் வாழும் பகுதியில் எவ்வளவு வரி விதித்தாலும் பணம் சேராது.

சான் அந்தோனியோவில் நடந்தது இதுதான். 1960களின் இறுதியில், எட்ஜ்வுட்டில் வரிக்கு உட்பட்ட சொத்தின் மதிப்பு மாணவர் ஒருவருக்கு 5,960 டாலர். அதே நகரின் செல்வர்கள் வாழ்ந்த அலமோ ஹைட்ஸ் பகுதியில் அது 49,000 டாலருக்கும் மேல். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்துக்கு 1 டாலர் 5 சென்ட் பள்ளி வரி செலுத்தினர். அலமோ ஹைட்ஸ் மக்கள் செலுத்தியது 85 சென்ட் மட்டுமே. ஆனால், அந்த வரியால் மாணவர் ஒருவருக்குக் கிடைத்தது எட்ஜ்வுட்டில் 26 டாலர், அலமோ ஹைட்ஸில் 333 டாலர். மாநில அரசும் நடுவண் அரசும் தந்த உதவியைச் சேர்த்த பின்னரும், 356 டாலர் ஒரு பக்கம், 594 டாலர் மறுபக்கம் என்றே நின்றது.

ஏழைகள் அதிக விகிதத்தில் வரி கட்டினார்கள், குறைந்த கல்வி பெற்றார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர்களுக்குப் பிள்ளைகளின் கல்வியில் அக்கறை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

இரண்டு தீர்ப்புகள்

1954ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரு தீர்ப்பை வழங்கியிருந்தது. கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்பதே அத்தீர்ப்பு. பிரவுன் வழக்கு எனப்படும் அதில் பெற்றோருக்காக வாதாடிய வழக்கறிஞர் தர்குட் மார்ஷல். 1957ஆம் ஆண்டில் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைவதற்கு, இராணுவத்தின் பாதுகாப்பு தேவைப்பட்டது என்பதிலிருந்து, அன்றைய எதிர்ப்பின் கடுமையை உணரலாம்.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1973ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள், ரொட்ரிகஸ் வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி என்பது நாட்டின் அரசியலமைப்பு உறுதிசெய்யும் அடிப்படை உரிமை அல்ல என்று ஐந்து நீதிபதிகள் கூறினர். நால்வர் மறுத்தனர். மறுத்தவர்களுள் ஒருவர், அப்போது நீதிபதியாகியிருந்த அதே தர்குட் மார்ஷல். அடுத்த ஆண்டில் டெட்ராய்ட் நகர் குறித்த வழக்கில், இனப் பிரிவினையைக் களையும் திட்டத்தில் புறநகர்க் கல்வி மாவட்டங்களை அவற்றின் தவறு நிறுவப்படாமல் சேர்க்க முடியாது என்றும் அந்நீதிமன்றம் கூறியது. நிறத்தின் பெயரால் எழுப்பப்பட்ட சுவரைச் சட்டம் இடித்தது. கல்வி மாவட்ட எல்லை என்ற சுவரோ அப்படியே நின்றுவிட்டது.

அளப்பது மட்டும் போதுமா?

சீர்திருத்த முயற்சிகள் இல்லாமல் இல்லை. இளமையில் டெக்சாஸின் கொட்டுல்லா என்ற சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளி ஏழைப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர், அரசுத்தலைவர் லிண்டன் ஜான்சன். ஏழை மாணவர்கள் படிக்கும் பள்ளிகளுக்கு நடுவண் அரசின் நிதியை வழங்கும் சட்டத்தில், தனது முதல் ஆசிரியை அருகில் அமர்ந்திருக்க, 1965ஆம் ஆண்டில் அவர் கையெழுத்திட்டார். அந்த உதவி இன்றும் தொடர்கிறது.

1983ஆம் ஆண்டில், நாட்டின் கல்வித்தரம் சரிந்து நாடே ஆபத்தில் இருக்கிறது என்று அரசு நியமித்த குழு ஒன்று எச்சரித்தது. அதன்பின், தேர்வு முடிவுகளைக் கொண்டு பள்ளிகளைக் கணக்குக் கேட்கும் போக்கு வலுப்பெற்றது. ‘எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது’ என்ற சட்டத்தில் 2002ஆம் ஆண்டு சனவரியில் அரசுத்தலைவர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு, 2014ஆம் ஆண்டுக்குள் எல்லா மாணவர்களும் தேர்ச்சி என்பது அதன் இலக்கு.

இச்சட்டம் ஒரு நன்மை செய்தது. ஏழைகள், கறுப்பினத்தார், மாற்றுத்திறனாளிகள் எனத் தனித்தனியே முடிவுகளை வெளியிடச் செய்ததால், பள்ளியின் சராசரிக்குப் பின்னால் மறைந்துகிடந்த பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிந்தனர். ஆனால், தேர்வுக்கு வராத பாடங்களுக்குப் பல பள்ளிகளில் நேரம் குறைந்தது. அச்சம் நேர்மையையும் அரித்தது. அட்லாண்டா நகரில் 44 பள்ளிகளைச் சேர்ந்த 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் தேர்வு மோசடியில் தொடர்புடையவர்கள் என்று 2011ஆம் ஆண்டில் மாநில விசாரணை கண்டறிந்தது. இலக்கு எட்டப்படாத நிலையில், 2015ஆம் ஆண்டில் வேறு சட்டம் இயற்றப்பட்டது. ஆண்டுத் தேர்வுகள் நீடித்தன. பள்ளிகளைத் திருத்தும் அதிகாரம் பெரும்பாலும் மாநிலங்களுக்குத் திரும்பியது.

காய்ச்சலை எத்தனை முறை அளந்தாலும் மருந்து கொடுக்காமல் நோய் தீருமா?

தெரிவு செய்யும் உரிமை

இன்னொரு வழி, பெற்றோருக்குத் தெரிவு செய்யும் உரிமையைத் தருவது. 1990ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில், ஏழைப் பிள்ளைகள் தனியார் பள்ளியில் படிக்க அரசே பணம் தரும் வவுச்சர் திட்டம் தொடங்கியது. 1991ஆம் ஆண்டில் மினசோட்டா மாநிலம், அரசுப் பணத்தில் தன்னாட்சியுடன் இயங்கும் சார்ட்டர் பள்ளிகளுக்குச் சட்டம் இயற்றியது. வவுச்சர் பணத்தைச் சமயப் பள்ளிகளிலும் பயன்படுத்தலாம் என்று 2002ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலமும் இத்தகைய சட்டத்தை இயற்றியது.

இவ்விவாதத்தில் நம் திருஅவைக்கும் பங்குண்டு. 1960களின் நடுவில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 50 இலட்சத்திற்கும் அதிகமானோர் படித்தனர். இன்று 20 இலட்சம் பேர்கூட இல்லை. பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பிக்கிறது. ஆகவே, தெரிவு செய்யும் உரிமை நமக்கு அருமையானது. ஆயினும், பணமும் அக்கறையுள்ள குடும்பங்களும் வெளியேறிய பின், பழைய பள்ளியிலேயே தங்கிவிடும் பிள்ளையின் நிலை என்ன என்ற கேள்வியையும் நாம் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளையும் நம் பிள்ளையே.

நம்பிக்கை தரும் அடையாளங்கள்

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டது நிலைமையை மோசமாக்கியது. 2024ஆம் ஆண்டின் தேசிய மதிப்பீட்டில், எட்டாம் வகுப்பு மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வாசிப்பில் அடிப்படை நிலையைக்கூட எட்டவில்லை. 2025ஆம் ஆண்டு மார்ச்சில், நடுவண் கல்வித் துறையையே மூடுவதற்கான நடவடிக்கைகளைத் தொடங்கும் ஆணையில் அரசுத்தலைவர் டொனால்ட் டிரம்ப் கையெழுத்திட்டார்.

இவற்றிற்கு நடுவே, நாட்டின் மிக ஏழ்மையான மாநிலங்களுள் ஒன்றான மிசிசிப்பி நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்க இயலாத பிள்ளைகளை அதே வகுப்பில் நிறுத்தும் சட்டத்தை 2013ஆம் ஆண்டில் அது இயற்றியது. அத்தோடு நிற்கவில்லை. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முறையாகக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தது, பின்தங்கிய பள்ளிகளுக்கு வழிகாட்டிகளை அனுப்பியது, தடுமாறும் பிள்ளைகளைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. நான்காம் வகுப்பு வாசிப்பில் கடைசி இடங்களில் இருந்த அம்மாநிலம், 2019ஆம் ஆண்டில் தேசிய சராசரியை எட்டியது, 2024ஆம் ஆண்டில் அதனை மிஞ்சியது. அளவுகோலோடு உதவிக்கரமும் சேர்ந்தபோது பலன் கிடைத்தது.

எட்ஜ்வுட் என்ன ஆயிற்று? சான் அந்தோனியோவின் ஏழைப் பங்குத்தளங்களில் 1974ஆம் ஆண்டில் உருவான மக்கள் அமைப்பு ஒன்று, பள்ளி நிதிக்காகவும் குரல் கொடுத்தது. எட்ஜ்வுட் கல்வி மாவட்டம் மாநில நீதிமன்றங்களில் மீண்டும் வழக்குத் தொடுத்தது. 1989ஆம் ஆண்டில், டெக்சாஸின் பள்ளி நிதி முறை மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. செல்வ மாவட்டங்களின் வரியில் ஒரு பகுதியை மற்ற மாவட்டங்களோடு பகிரும் சட்டம் 1993ஆம் ஆண்டில் வந்தது. ஆனால், 1968ஆம் ஆண்டில் தெருவில் நடந்த மாணவர்கள் அதற்குள் நடுத்தர வயதை நெருங்கிவிட்டனர். சட்டம் காத்திருக்கலாம். ஆனால், குழந்தைப் பருவம் காத்திருப்பதில்லை.

ஒரு பிள்ளை எந்தத் தெருவில் பிறக்க வேண்டும் என்று தானே முடிவு செய்வதில்லை. அந்தத் தெருவின் பெயரே அதன் கல்வியை முடிவு செய்யுமானால், அங்கு நீதி எங்கே? அயலாரின் பிள்ளையும் நன்றாகப் படிக்க வேண்டும் என்பதற்காக நமது பங்கில் சிறிது விட்டுத்தர நாம் ஆயத்தமா? சிந்திப்போம்.