பரணிலிருந்து இறங்கும் கம்ப்யூட்டர்கள்

எண்பதுகளின் இயந்திரங்களுக்கு உயிரூட்ட முனைபவர்கள் முதலில் சந்தேகிப்பது பவர் சப்ளையைத்தான்

ஸ்விட்சைப் போட்டவுடன் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். திரையில் பழைய எழுத்துகள் மின்னும், விசைகள் வேலை செய்யும். சில நிமிடங்கள் கழித்து, கம்ப்யூட்டரின் இடதுபக்கத்திலிருந்து 'பட்' என்று ஒரு சத்தம். துளைகள் வழியாக வெண்புகை கிளம்பும். அறையில் படிந்த நாற்றம் போக ஒரு நாளாவது ஆகும்.

பி.பி.சி. மைக்ரோவை பரணிலிருந்து இறக்கியவர்கள் பலருக்கும் இது பழக்கமான காட்சி. கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட இந்த 32 கே இயந்திரத்துக்கு இந்தியாவில் தனி வரலாறு உண்டு. 1984ல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது இதுதான். மொஹாலியிலுள்ள செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்த தலைமுறைக்கு இது முதல் காதல். இன்று ஐம்பதைத் தாண்டியிருக்கும் அவர்களில் சிலர்தான் அதைத் தேடிப் பிடித்துத் திறக்கிறார்கள்.

புகைக்குக் காரணம் ஒரு சின்ன கெபாசிட்டர். மின்சார இரைச்சலை வடிகட்ட மெயின்ஸ் இணைப்பின் குறுக்கே வைக்கப்பட்ட, காகிதத்தால் ஆன பாகம். அதன் மேலுறை காலப்போக்கில் விரிசல் விடும். விரிசல் வழியே ஈரம் புகும். நம்மூர் மழைக்காலங்களை நாற்பது முறை பார்த்த காகிதம் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. மீண்டும் 230 வோல்ட் பாய்ந்ததும் அது எரிகிறது. நல்லவேளையாக, இந்த ஆர்ப்பாட்டத்தால் கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் சேதம் இல்லை. புகை வந்தபின்னும் சில இயந்திரங்கள் ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். மாற்று கெபாசிட்டரின் விலை ஒரு வேளை டிபனுக்குக்கூட ஆகாது.

உண்மையான கொலைகாரன் சத்தமே போடுவதில்லை. 1982ல் அமெரிக்காவில் வந்த கமோடர் 64 ஒரு கோடிக்கு மேல் விற்ற இயந்திரம். செங்கல் போன்ற அதன் பவர் சப்ளை, 5 வோல்ட் நேர் மின்சாரத்தையும் 9 வோல்ட் மாறு மின்சாரத்தையும் தருகிறது. அதற்குள் பிசினை ஊற்றி இறுக்கிவிட்டார்கள். வெப்பம் வெளியேற வழியில்லை. திறந்து பழுதுபார்க்கவும் வழியில்லை. வெந்து வெந்து உள்ளேயிருக்கும் ரெகுலேட்டர் கெட்டுப்போகும்போது, மின்சாரம் நிற்பதற்குப் பதில் வோல்ட் ஏறிவிடுகிறது. ஐந்து வோல்ட்டில் வாழப் பழகிய மெமரி சிப்புகள் அதைத் தாங்குவதில்லை. மெமரியாவது தேடினால் கிடைக்கும். அந்த இயந்திரத்துக்கே புகழ் தேடித்தந்த, பாப் யானஸ் வடிவமைத்த 'சிட்' இசை சிப் இப்போது தயாரிப்பில் இல்லை.

அதனால் அனுபவப்பட்டவர்கள் ஸ்விட்ச் பக்கமே முதலில் கை வைப்பதில்லை. கமோடரின் செங்கல்லை மீட்டரால் அளந்து பார்ப்பதுகூட முழு நிம்மதி தராது. இன்று சரியாகக் காட்டுவது நாளை ஏறலாம். எனவே புதிய சப்ளையே கட்டுகிறார்கள்: 5 வோல்ட்டுக்கு நவீன ஸ்விட்சிங் யூனிட், 9 வோல்ட்டுக்கு ஒரு சாதாரண டிரான்ஸ்பார்மர். அளவு மீறினால் நொடியில் இணைப்பைத் துண்டிக்கும் காவல் சர்க்யூட்டை நடுவில் பொருத்துவோரும் உண்டு. அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வந்த இயந்திரம் என்றால் இன்னொரு ஆபத்து: அதன் சப்ளை 110 வோல்ட்டுக்கானது. நம் பிளக்கில் நேரடியாகச் செருகினால் கதை அங்கேயே முடிந்தது.

பி.பி.சி. விஷயத்தில் இரண்டு கட்சிகள். பழைய சப்ளையிலேயே கெபாசிட்டர்களை மட்டும் மாற்றி, இயந்திரத்தை அது பிறந்தபடியே வைத்திருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே முழுவதும் புதிதாக்கு என்பது மற்றது. கண்காட்சிக்கு வைப்பவருக்கு முதல் வாதம் பொருந்தும். குழந்தைகள் தொட்டு விளையாடப் போகிற கம்ப்யூட்டருக்கு இரண்டாவதுதான் விவேகம்.

எந்தக் கட்சியானாலும் பெட்டியைத் திறப்பவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயிருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவர் அனுபவமுள்ள டி.வி. மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவது மேல். அவர் பெரும்பாலும் ஒரு குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் முதலில் மின்சாரம் கொடுப்பார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், பெட்டி பிழைக்கும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பழைய குண்டு பல்பைத் தேடுவதே இப்போது தனி வேலையாகிவிட்டது.

பல்பு மங்கி, மீட்டர் ஐந்தில் நின்ற பிறகே கம்ப்யூட்டரை இணைக்கிறார்கள். பி.பி.சி.யில் முதலில் தாழ்ந்த ஒலி, உடனே உயர்ந்த ஒலி கேட்டால் இயந்திரம் விழித்துக்கொண்டது. தாழ்ந்த ஒலி மட்டும் நீண்டுகொண்டே போனால், ஸ்குரூ டிரைவரை மறுபடி கையில் எடுக்க வேண்டியதுதான்.