தொடக்கமும் முடிவும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை மாணவர் எழுதும் ஆங்கில விண்ணப்பங்களை நான் பார்த்துக் கொடுப்பதுண்டு. ‘டியர் சேர்’ எனத் தொடங்கியவரும், பெயர் கூறி விளித்தவரும் ஒருங்கே ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ என்றே முடிக்கின்றனர். பிரித்தானிய மரபு அதுவன்று. பெயர் குறியாது விளித்தால் ‘ஃபெய்த்ஃபுலி’. பெயர் சொல்லி விளித்தால் ‘சின்சியர்லி’. ‘யுவர்ஸ்’ என்பதன் ‘எஸ்’ எழுத்துக்கு முன் மேற்குறி இடுவது பிழை. இரண்டாஞ் சொல்லைச் சிறிய எழுத்திலேயே தொடங்குதல் வேண்டும்.

இவ்வொழுங்கு நமக்குப் புதிதன்று. ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ எனத் தொடங்கும் மடலை ‘வஸ்ஸலாம்’ என முடிப்பது நம் வீட்டு வழக்கம். தொடக்கத்துக்கு இசைந்த முடிவே கடித ஒழுக்கமாகும். உத்தியோகம் வேண்டி எழுதும் பிள்ளைக்காகத் தேர்வாளர்முன் பேசுவது அந்த ஒரு தாள்தான். ஆசிரியப் பெருமக்கள் இவ்விரு சொற்களையும் வகுப்பிலே வேறுபடுத்திக் கற்பிப்பார்களாக.